முப்பத்தாறு அங்குலம்

ரயில் பெட்டிக் கழிவறையின் தாழ்ப்பாள் எவ்வளவு நீளம் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வேன். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, மேல் படுக்கையைத் தாங்கும் சங்கிலியில் எத்தனை கண்ணி, மின்விசிறிக் கூண்டில் எத்தனை வளையம், எல்லாம் சொல்வேன். ஆனால் நான் ரயிலில் அதிகம் போனவள் இல்லை. ஆம்பூரிலிருந்து ஜோலார்பேட்டை, ஆம்பூரிலிருந்து காட்பாடி, அவ்வளவுதான். எல்லாம் என் தம்பிக்காக அளந்துகொண்டு வந்தவை.

உட்காருங்கள் பாய். போன முறை உங்களை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டேன். இன்று உள்ளே வரலாம்.

ஸ்டேஷன் ரோட்டில் நீங்கள் பார்த்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் தேதி சரியாகத்தான் இருக்கிறது. அச்சுப் பிழை இல்லை. போஸ்டரே வேண்டாம் என்று தெருப் பையன்களிடம் சொன்னேன், அவர்கள் கேட்கவில்லை. அந்தத் தேதியைப் பற்றிச் சொல்வதற்கு நான் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். அவசரம் இல்லையே? எனக்கு இல்லை. ஜூன் மாதம் வேலையை விட்டதிலிருந்து எனக்கு எந்தக் கிழமையும் ஒன்றுதான்.

நத்தானியேலுக்கு இருபத்துமூன்று வயதில், மின்னூர் பக்கத்தில் ஹைவேயில், வண்டியில் போய்க்கொண்டிருந்தவனை ஒரு வேன் தட்டிவிட்டுப் போனது. முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே அவனுக்கு எதுவும் தெரியாது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. அப்பா முன்பே இல்லை. அம்மா நான்கு வருடம் அவனைப் பார்த்துக்கொண்டார், பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். அம்மா இருந்தபோதும் தூக்குவது, புரட்டுவது எல்லாம் நான்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் புண் வந்துவிடும் என்று முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தார். பதினொரு வருடம் நான் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. குறையாகச் சொல்லவில்லை. கணக்குக்குச் சொன்னேன். பதினொரு வருடத்தில் அவன் உடம்பில் ஒரு புண் வந்ததில்லை. மாதாமாதம் வரும் நர்ஸம்மாவே ஆச்சரியப்படுவார்.

நடுவில் ராணிப்பேட்டையிலிருந்து ஜான்சன் என்று ஒருவர் பெண் பார்க்க வந்தார். நல்ல மனிதர். "தம்பிய ஒரு ஹோம்ல சேத்துடலாங்க, மாசா மாசம் போய்ப் பாக்கலாம்" என்றார். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பச் சொன்னேன்.

நான் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் மேல்தோலைக் கையில் வாங்கி, விரலால் தடவிப் பார்த்து, ஒரு தையல் விட்டிருந்தாலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருட சர்வீஸ். அளவில் நான் தவறியதில்லை. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே ரயில் ஓட்டும் அந்தக் கணினி விளையாட்டை அவனுக்கு யார் காட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. முதலில் வெறுமனே ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள், "இதுல வர்ற பெட்டியெல்லாம் பொம்ம மாரி இருக்குக்கா" என்றான். அன்றிலிருந்து அவனே பெட்டி செய்ய ஆரம்பித்தான். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, கட்டிலோடு சேர்த்துப் போட்ட பலகையில் லேப்டாப்பை வைத்து, முதலில் அந்தப் பழைய நீலப் பெட்டி. அதற்கு ஒன்பது மாதம் ஆனது. அடுத்தது ஸ்லீப்பர், அடுத்தது ஏ.சி. உங்கள் நெட் குழுவில் அவன் போட்டதை நீங்கள் எல்லாம் இறக்கி ஓட்டியிருக்கிறீர்கள், நான் சொல்லவேண்டியதில்லை. விசிறியில் படிந்த தூசு, ரெக்ஸின் சீட்டில் பிளேடால் கீறிய கோடு, குழாயடியில் துருப்பிடித்த வளையம், எதையும் அவன் விடமாட்டான். ஆட்களை மட்டும் போடமாட்டான். ஏன் என்று கேட்டேன். "ஆளப் போட்டா சீட்டு ரொம்பிடும்க்கா. ஓட்டறவன் வந்து எங்க உக்காருவான்?" என்றான்.

அவன் பார்த்து வரைந்தது நான் எடுத்து வந்த படங்களை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோவிந்தம்மாளை அவனோடு உட்காரவைத்துவிட்டு ஜோலார்பேட்டைக்குப் போவேன். கோவிந்தம்மாள் அடுத்த வீடு. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்து ஓய்ந்தவர், மத்தியானம் அவனுக்குச் சோறு போட்டுப் புரட்டிப் படுக்கவைப்பது அவர்தான். நான் பிளாட்பாரத்தில் டெய்லர் டேப்போடு நிற்பேன். வண்டி நிற்கும் நேரத்தில் ஏறி, அளந்து, படம் எடுத்து, இறங்கிவிடுவேன். ஒரு போலீஸ்காரர் ஒருமுறை, "இன்னாம்மா அளக்கற?" என்றார். "என் தம்பி ரயில் பெட்டி செய்யறான் சார்" என்றேன். தொழிற்சாலையில் வேலை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. திரும்பி வந்து படங்களைக் காட்டும்போது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த முகத்துக்காக நான் எந்தக் கழிவறைக்குள்ளும் மண்டியிட்டு உட்காருவேன்.

இந்த வருடம் ஜனவரியில் அவன் ஒரு பெட்டி கேட்டான். வண்டியின் கடைசியில் கார்டு பெட்டியோடு சேர்ந்து மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு பகுதி இருக்குமே, அது. "இதுவரிக்கும் யாருமே அத செய்யலக்கா" என்றான். உள்ளே எல்லாம் வழக்கம்போல் சொல்லிவிட்டு, "கதவ மட்டும் ரெண்டு வாட்டி அளந்துடு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, பார்க்காததுபோல், "நம்ம சேர் அகலம் எவ்ளோக்கா?" என்றான்.

சக்கர நாற்காலியை அவன் எதிரிலேயே அளந்தேன். இருபத்தைந்தரை.

மறுநாள் காட்பாடியில் அந்தப் பெட்டியின் கதவை இரண்டு முறை அளந்தேன். முப்பத்தாறு அங்குலம். பெரிய கதவு. நாற்காலியோடு அவனை ஏற்றிவிட்டு, பக்கத்தில் நானும் ஒதுங்கி நிற்கலாம். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வண்டி கிளம்பிப் போன பிறகும் நின்றேன். வீட்டுக்கு வந்ததும் அவன், "எவ்ளோக்கா?" என்றான்.

"இருபத்திநாலு" என்றேன்.

யோசித்து வைத்துச் சொல்லவில்லை பாய். வாயில் அப்படித்தான் வந்தது. அவன் ஒரு நிமிடம் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இருபத்திநாலா. சரி" என்று சொல்லி எழுதிக்கொண்டான். அந்தப் பெட்டியை அவன் வழக்கமான ஆசையோடு செய்யவில்லை. ஆனால் முடித்துப் போட்டான்.

மூன்றாம் நாள் உங்கள் பதிவு வந்தது. பெட்டி பிரமாதம், ஆனால் கதவு தப்பு, இன்று காலை வாணியம்பாடி ஸ்டேஷனில் நானே இறங்கி அளந்தேன், முப்பத்தாறு அங்குலம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நீங்கள் செய்தது சரி.

அன்று நான் வேலை முடிந்து வந்தபோது அவன் விழித்துக்கொண்டு காத்திருந்தான்.

"அக்கா, அன்னிக்கு சரியாத்தான் அளந்தியா?"

"கூட்டமா இருந்துச்சுப்பா. தப்பா பாத்துட்டன் போல."

"பன்னண்டு இன்ச்சா?"

நான் டிபன் பாக்ஸைக் கழுவப் போனேன். அவனும் வற்புறுத்தவில்லை. திரும்பி வந்ததும் அவனே சொன்னான். "பெங்களூர்ல ஒரு கம்பெனி. டிரைவருங்களுக்கு டிரெய்னிங் குடுக்கறதுக்கு இந்த மாரி சாஃப்ட்வேர் பண்றாங்க. ஷர்மிளான்னு ஒரு மேடம், என் பெட்டியெல்லாம் பாத்திருக்காங்க. வேல தரேன்றாங்க. கீழ் வீடு, பாத்துக்க ஆளு, எல்லாம் அவங்களே ஏற்பாடு பண்ணிக் குடுப்பாங்களாம். மார்ச் பதினஞ்சு வரச் சொல்லியிருக்காங்க. ட்ரெயின்லயே போலாம்னு பாத்தேன்."

"எவ்ளோ நாளாத் தெரியும்?"

"நாலு மாசம். நீ சங்கடப்படுவியோன்னு..."

"நான் ஏன் சங்கடப்படறேன். நல்லதுதான்பா" என்றேன். அன்றைக்கு அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். மறுவாரம் கடைத்தெருவில் அவனுக்கு நான்கு சட்டை வாங்கினேன். அவன் சந்தோஷமாக இருந்தான். எனக்கும் அதில் வருத்தம் இல்லை. இப்படிச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் அந்தச் சட்டைகளை நான் ஆசையாகத்தான் மடித்து வைத்தேன்.

பதினொரு வருடம் சுமந்தவளுக்கு, இறக்கி வாங்கிக்கொள்ள ஒருவர் வந்தால் நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். மெஷின் ஓடும்போது அந்த இரைச்சல் நமக்குத் தெரியாது, கரண்ட் போனால்தான் காது அடைக்கும். அவன் போன பிறகு அந்த வீட்டில் அலாரம் அடிக்காது. நான் முழு நேரமும் தூங்கலாம். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது.

சிறுநீர் போவதற்கு அவனுக்கு டியூப் போட்டிருக்கும். மாதம் ஒருமுறை நர்ஸம்மா வந்து மாற்றுவார். பிப்ரவரி கடைசியில் அவர் வர வேண்டிய நாளில், நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம், நானே பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். தம்பியிடம், அவங்களுக்கு லீவு என்றேன். மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். மறக்கவில்லை. டியூப் பழசானால் ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் வரும், பயணம் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். தள்ளிப்போவது மட்டும்தான் என் எண்ணம்.

மார்ச் எட்டாம் தேதி காய்ச்சல் வந்தது. நான் நினைத்ததைவிட ஜாஸ்தி. குளிரில் கட்டில் ஆடியது. ஆம்புலன்ஸ் வைத்து வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். இரண்டு வாரம் அங்கே இருந்தோம். நான் அவன் பக்கத்தை விட்டு நகரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள், இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைக்கும் என்றார்கள்.

அவன் போன் என் பையில் இருந்தது. ஷர்மிளாவின் செய்திகள் வந்தபடி இருந்தன. காய்ச்சல் என்று நான் பதில் போட்டிருந்தேன். அந்தப் பெண் கெட்டிக்காரி, நல்லவளும்கூட. அவசரம் இல்லை, ஏப்ரலில் சேரட்டும், மே மாதம்கூடப் பரவாயில்லை, ட்ரெயின் வேண்டாம், நாங்களே சாய்வுப் பலகை வைத்த வேன் எடுத்துக்கொண்டு வேலூருக்கு வந்து அவரைப் பார்க்கிறோம் என்று எழுதினாள். எத்தனை தள்ளினாலும் அவள் காத்திருப்பாள் என்று எனக்குப் புரிந்தது.

மார்ச் இருபதாம் தேதி, வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அவன் பெயரிலேயே உங்கள் குழுவிலும் எழுதினேன், அவளுக்கும் எழுதினேன். இரண்டே வரி. நான் நத்தானியேலின் அக்கா. தம்பி இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தான்.

எழுதிவிட்டு உள்ளே போய் அவனுக்குக் கஞ்சி ஊட்டினேன். அன்றுதான் முதல் முறையாக முழுக் கிண்ணமும் குடித்தான்.

ஷர்மிளா போன் செய்து அழுதாள். நான்தான் அவளைத் தேற்றினேன். உங்கள் ஆட்கள் எழுதியதை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்தேன். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். ஜப்பான்காரர் ஒருவர், இந்தியாவுக்கு வந்ததே இல்லை, ஆனால் உன் தம்பியின் ஜன்னலோரத்தில் இரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். அடுத்த மாதம் நீங்கள் எல்லோரும் சேர்ந்து அந்த விளையாட்டிலேயே ஒரு வண்டி ஓட்டினீர்கள். அவன் செய்த பெட்டிகளையே கோர்த்து, ஆம்பூர் ஸ்டேஷனில் இரண்டு நிமிடம் நிறுத்தி, நீளமாக ஹார்ன் அடித்தீர்கள். கம்பெனி கேண்டீனில் உட்கார்ந்து அதைப் போனில் பார்த்தேன். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. என்னோடு செக்கிங்கில் இருந்த முத்துமாரி, "இன்னா ஃபீபிக்கா, யாரு செத்துட்டாங்க?" என்றாள். "தம்பிக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன்" என்றேன்.

அதன் பிறகு அவன் போனையும் என் நெட் போனையும் விற்றுவிட்டு ஒரு பட்டன் போன் வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவன் முதலில் லேப்டாப்பைத்தான் கேட்டான். நாம் இல்லாதபோது கரண்ட் ஏறி இறங்கி அது போய்விட்டது என்றேன். லாங் பஜாரில் கொடுத்துப் பார்த்தேன், போர்டு எரிந்துவிட்டதாம் என்றேன். அது பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் இருந்தது. இப்போதும் இருக்கிறது, போகும்போது எடுத்துப் போங்கள். அவன் போன் ஆம்புலன்ஸில் ஏற்றிய அவசரத்தில் விழுந்துவிட்டது என்றேன். எல்லாவற்றையும் நம்பினான். பதினொரு வருடமாக அவனுக்குக் கிழமையைச் சொன்னதே நான்தான், நம்பாமல் என்ன செய்வான்.

"ஷர்மிளா மேடத்துக்கு ஒரு மெயில் போடுக்கா. அவங்களே ஒரு லேப்டாப் அனுப்புவாங்க."

"கம்பெனில கம்ப்யூட்டர்ல போட்டுட்டன்பா."

"பதில் வந்துச்சா?"

"இன்னும் வரல."

தினமும் நான் ஆறரைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து கேட்பான். "யாராச்சும் கேட்டாங்களாக்கா?" குழுவில் யாராவது அவனைத் தேடினார்களா என்று அர்த்தம். "இல்லப்பா" என்பேன். முதலில் ஷர்மிளாவைக் கேட்டான். பிறகு உங்களைக் கேட்டான். "ஜியா பாய்கூட கேக்கலயா? கதவு தப்புன்னு சொல்ல மட்டும் ஓடி வந்தாரு" என்று சிரித்தான். மே மாதத்தில் அந்தச் சிரிப்பும் நின்றது. கேள்வி மட்டும் நிற்கவில்லை. ஆயிரம் பேர் அழுதது எனக்குத் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை என்று தினமும் அவனிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது. உங்கள் மேல்கூட எனக்குக் கோபம் வந்தது, இப்படி மறந்துவிட்டார்களே என்று.

நீங்கள் வந்தது ஜூன் மூன்றாவது ஞாயிறு. நான் சர்ச்சிலிருந்து வந்து உலை வைத்திருந்தேன். உங்களை எனக்குத் தெரியாது. எப்போதோ அவன் பஸ்ஸில் ஒரு ஹார்ட் டிஸ்க் அனுப்பியபோது எழுதிய விலாசத்தை வைத்துக்கொண்டு விசாரித்து வந்திருந்தீர்கள். கையில் துணி சுற்றிய படம். அழைப்பு மணி அடித்ததும் அவன் உள்ளேயிருந்து, "யாருக்கா?" என்றான். நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள்.

"சித்தி பையன். பரிட்சைக்குப் படிக்க வந்திருக்கான்" என்றேன்.

"சிஸ்டர், நான் ஜியாவுதீன். வாணியம்பாடி. தம்பியோட தோஸ்த்துன்னுதான் சொல்லணும், நேர்ல பாத்ததில்ல. நத்தானியேல் போன சேதி கேட்டதுலருந்து வரணும் வரணும்னு இருந்தேன். எங்களுக்கெல்லாம் மனசே ஆறல."

இந்த வீட்டில் ஹாலுக்கும் அறைக்கும் நடுவே கதவு கிடையாது. நாற்காலி போய்வர வசதியாக அம்மா இருக்கும்போதே எடுத்துவிட்டோம். ஒரு திரைச்சீலைதான். நீங்கள் படத்தைப் பிரித்துக் காட்டினீர்கள். அந்தக் கடைசிப் பெட்டி, நம்பர் எழுதும் இடத்தில் அவன் பெயர். கதவை முப்பத்தாறாகத் திருத்திவிட்டோம், அவர் ஆத்மாவுக்கு அது பிடிக்கும் என்றீர்கள். எந்த ஊரிலிருந்து யார் யார் என்ன எழுதினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். ஷர்மிளா இன்னும் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை என்றீர்கள். பத்து நிமிடம் இருக்கும். நான் குறுக்கே பேசவில்லை. நீங்கள் மனசாரப் பேசிக்கொண்டிருந்தீர்கள். பிறகு கிளம்பினீர்கள்.

அதோடு அவன் என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டான். யாராவது கேட்டார்களா என்ற கேள்வி அன்றோடு முடிந்தது.

அந்த வாரமே நான் வேலையை விட்டேன். கோவிந்தம்மாளிடம், இனி நானே முழு நேரமும் இருக்கிறேன், நீங்கள் கஷ்டப்பட வேண்டாம் என்று சொன்னேன். நர்ஸம்மாவிடமும் அப்படியே சொன்னேன். இடுப்பில் வலது பக்கம் அவனுக்கு ஒரு புண் வந்திருந்தது. முதல் புண். நான் பவுடர் போட்டுக் கட்டினேன். இரண்டாவது வாரம் அது ஆழமாயிற்று. மூன்றாவது வாரம் வாடை வந்தது. அவனுக்கு அங்கே வலி தெரியாது, ஆனால் வாடை தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா" என்றான். ஏழு வாரத்தில் அவனாகப் பேசியது இரண்டு முறைதான். அது ஒன்று.

"நாளைக்குப் போலாம்பா" என்றேன்.

மறுநாளும் அதையே சொன்னேன். பிறகு அவன் கண்ணாலேயே கேட்பான், நான் நாளைக்கு என்பேன். அங்கே கொண்டுபோனால் டாக்டர்கள் கேட்பார்கள், பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சுக் கொடுப்பார்கள், யாராவது கையில் போனைக் கொடுப்பார்கள். வீட்டில் வைத்துச் சரிபண்ணிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் என்பதை ஒரு மணி நேரமாக்கிப் புரட்டினேன். ஒரு நாளைக்கு இருபத்துநான்கு முறை. ஆகஸ்ட் வந்தபோது நான் நின்றுகொண்டே தூங்கினேன்.

இன்னொரு முறை, கடைசிக்கு இரண்டு நாள் முன்னால். புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கதவு முப்பத்தாறுதானக்கா?"

"ஆமாம்பா."

"சேர் இருபத்தஞ்சர."

"ஆமா."

"தாராளமா போயிருக்கும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி விடியும்போது போய்விட்டான். சர்ட்டிஃபிகேட் எழுத வந்த டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் ஏன் காட்டவில்லை என்றார். வலி இல்லை என்று சொன்னான் டாக்டர் என்றேன். அடக்கத்தில் பாடக்கூட ஆள் போதவில்லை. இருபது பேர் இருந்திருப்போம். அவனை அவ்வளவு பேருக்குத் தெரியும், ஒருவரும் வரவில்லை. உங்களுக்கெல்லாம் அவன் மார்ச்சிலேயே முடிந்துவிட்டவன்.

பதினொரு வருடம் வராத புண் அப்போது ஏன் வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று நீங்கள் பைக்கைக் கிளப்பியபோது உள்ளே ஏதோ விழுந்தது. நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். தவலை உருண்டுவிட்டது பாய், நீங்க கிளம்புங்க என்றேன். நீங்கள் தலையசைத்துவிட்டுப் போனீர்கள். தெருமுனையில் உங்கள் வண்டி திரும்பும்வரை நான் வாசலிலேயே நின்றேன். அப்புறம்தான் திரும்பினேன்.

அவன் கட்டிலில் இல்லை. திரைச்சீலையைத் தாண்டி இந்த ஹாலில், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், குப்புறக் கிடந்தான். கையை ஊன்றிக் காலை இழுத்துக்கொண்டே வந்திருந்தான். டியூப் பிய்ந்து போயிருந்தது. சிமெண்டுத் தரையில் இடுப்புத் தோல் உரிந்து, கட்டிலிலிருந்து அதுவரைக்கும் ரத்தக்கோடு இருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினான், மூச்சு வாங்கியதில் சத்தம் வரவில்லை. பதினொரு வருடத்தில் அவன் தானாக அவ்வளவு தூரம் வந்ததே இல்லை. நான் அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன்.

அவன் உங்களைப் பிடிக்கத்தான் வந்தான் என்று நீங்கள் நினைப்பீர்கள். வாசலில் நின்றுகொண்டிருந்தது நான்தானே பாய்.